பாம்பன் கூண்டும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும்

எங்கள் வீட்டில் சண்டைக்கு எண் உண்டு. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா, அந்தக் கணக்குதான். 1-ஆம் எண் என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 10 என்றால் பெரிய அபாயம். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, 11. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோய்விட்டது என்பதற்கான கூண்டு அது.

பாம்பனுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே, அடுப்படியில் நான் கரண்டியை வைத்த சத்தத்தைக் கேட்டு மகள் கூடத்திலிருந்து, "அப்பா, மூணாம் நம்பர் ஏத்தியாச்சு!" என்று குரல் கொடுத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வள்ளமெல்லாம் கரையேறிக்கங்கப்பா" என்று மகனையும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கோபத்தை இழுத்துப் பிடிக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன். இப்போது வேலையிலிருந்து கிளம்பும்போது போன் போட்டு, "எத்தனாம் நம்பரு?" என்பார். "ஒண்ணுதான், வாங்க" என்பேன். சில நாள், "அஞ்சு. வரும்போது மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்தா ரெண்டுக்கு எறங்கும்." பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பதுதான் 11. அதுவரை போகவிடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால், கிண்டலுக்கு எடுக்க ஒருவர் கையில் இருப்பது மற்றவரின் குறை மட்டும்தான். அவள் சமையல், அவர் மறதி, மாமியார் பேச்சு, மச்சினன் கடன். முதல் தடவை சிரிப்பு வரும், போகப் போகக் குத்தும். வெளியே போய் எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் கிண்டலுக்குப் புதுச் சரக்கு கிடைக்கிறது. அதில் யார் தலையும் உருளாது. போனில் சுற்றிக்கொண்டிருக்கும் புருஷன் பொண்டாட்டி ஜோக்குகள் எனக்குப் பிடிப்பதே இல்லை. கட்டிக்கொண்டவளை எதிரியாகக் காட்டாமல் அவற்றில் ஒன்றுகூடச் சிரிக்க வைக்காது. கணவனும் மனைவியும் ஒரே பக்கம் நின்று எதிரே உள்ள ஒன்றைப் பார்த்துச் சிரிப்பதுதான் வீட்டைத் தாங்கும் என்று நம்புகிறேன். அதற்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் தேவையில்லை. ராமநாதபுரத்தைச் சுற்றியே ஊர் இருக்கிறது.

அவர் மின்வாரியத்தில் லைன்மேன். காற்று, மழை என்றால் ஞாயிறும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. அதனால் எங்கள் பயணம் எல்லாமே அரைநாள்தான். காலை ஆறரைக்குக் கிளம்பிப் பதினோரு மணிக்குள் வீடு திரும்புவது, இல்லையென்றால் மூன்று மணிக்குக் கிளம்பி விளக்கு வைத்ததும் வந்துவிடுவது. நடுப்பகல் வெயிலில் எங்கள் பக்கத்துக் கடற்கரையில் நிற்கவே முடியாது. ஒரு நாளைக்கு ஒரே ஊர். நாலு கோயில், இரண்டு கடற்கரை, ஒரு மியூசியம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது இடத்தில் புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

பக்கத்து ஊர்களிலிருந்து தொடங்குவது நல்லது. தேவிபட்டினம் சுமார் 15 கி.மீ., திருப்புல்லாணி அதைவிடக் குறைவு, உத்திரகோசமங்கை கொஞ்சம் கூட. டவுன் பஸ் போகிற தூரம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் காசு கிடையாது என்பதால், நான், மகள், அத்தை (என் மாமியார்) மூவருக்கும் இலவசச் சீட்டு. அவருக்கு முழு டிக்கெட், மூன்றாவது படிக்கிற மகனுக்கு அரை. ஒரு கண்டக்டர் எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்து, "ஆக மொத்தம் ஒன்றரை" என்று கிழித்துக் கொடுத்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் அதுவே பேராகிவிட்டது. "ஒன்றரை டிக்கெட்டு, சாப்புட வாங்க" என்று அத்தையே கூப்பிடுவார். "இந்த வீட்ல காசு குடுத்து வர்றது நாங்க ரெண்டு பேருதான், ஜன்னல் சீட்டு எங்களுக்கு" என்று இவர் ஒருநாள் வழக்குப் பேசினார். மகள், "காசு குடுத்தவுங்க நின்னுக்கிட்டே வரலாம், அதுக்குத்தான் காசு" என்று தீர்ப்புச் சொன்னாள். முன்சீட்டு அம்மாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களும் ராமர் நட்டு வைத்த நவக்கிரகம் என்பது ஐதீகம். நவபாஷாணம் என்றுதான் சொல்வோம். அங்கே போனாலே யாராவது ஒருவர் மனைவியைக் காட்டி, "நமக்கு வீட்லயே சனி இருக்கு" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். கூட வந்த அந்தப் பெண் சிரிக்கிறமாதிரி சிரிப்பார், எனக்கு நெஞ்சைப் பிசையும். என் கணவர் அங்கிருந்து எடுத்து வந்தது வேறு. நவக்கிரகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும் இல்லையா, அதைச் சொல்லிவிட்டார். வீட்டில் ஆளுக்கொரு மூலையில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தேவிபட்டினம் வந்திருச்சு, எல்லாம் எறங்குங்க" என்பார். போனை வை என்று கத்துவதைவிட அதற்கு மகள் சீக்கிரம் போனை வைக்கிறாள்.

ஒரு விஷயம். தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் மூன்றுக்கும் அமாவாசை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடமாடுவது கஷ்டம். அது முன்னோருக்கான நாள், சுற்றிப்பார்க்கிற நாள் இல்லை. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுவதென்றால் மாற்றுத் துணி கையில் இருக்க வேண்டும், ஈரத்துணியோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள்.

தனுஷ்கோடிக்கு வருகிறேன். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு, ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. வண்டியிலேயே போய்விடலாம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் சாலை, நிழல் என்று ஒன்று கிடையாது. குடையும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள். இருட்டுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முனையில் நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்கவே கூடாது. கரை பார்க்க மணலாகத்தான் இருக்கும், கால் வைத்தால் அடியில் அறுத்துக்கொண்டு போகும்.

இவ்வளவு அழகான இடத்தில் என் கணவர் பார்த்தது மின்கம்பத்தை. கழுத்தை அண்ணாந்துகொண்டு, "உப்புக் காத்துல இன்சுலேட்டர் என்ன பாடு படுது பாரு. வெள்ளையா படிஞ்சிருக்கா? பனி எறங்கினா அதுல கரண்டு பாயும், பட்டுனு வெடிக்கும். கடக்கரை லைன்ல வேலை பாக்குறவன் பாடு பெரும்பாடு" என்கிறார். மகனும் அண்ணாந்து பார்க்கிறான். நான் அத்தையிடம், "பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படித்தான் அத்தை. நான் காப்பித் தட்டோட நிக்கிறேன், இவுங்க எங்க வீட்டு மீட்டர் பெட்டியப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றேன். இவர் கம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "மீட்டரு ஓடுற ஓட்டத்தப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டேன், ஒழுங்கான வீடுன்னு" என்றார். என் அப்பாவுக்கு இதைப் போனில் சொன்னேன். மாப்பிள்ளை மேல் அவருக்கு மரியாதை இன்னும் ஒரு படி ஏறிவிட்டது.

மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல், பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல் என்று இங்கே சொல்வது வழக்கம். நாங்கள் போனது ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று. ஆண்கடல் ஆளுயரத்துக்கு எழுந்து இரைகிறது, பெண்கடல் குளம் மாதிரி கிடக்கிறது. விடுவேனா? "எந்தக் கடல் சத்தம் போடுதுன்னு கேட்டுக்கங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மனதில் வைத்துக்கொண்டார். மார்கழியில் அவராகவே எல்லோரையும் மறுபடி கூட்டிக்கொண்டு போனார். வாடைக் காற்று. இப்போது பெண்கடல் கலங்கிக் குமுறுகிறது, ஆண்கடல் அமைதியாகக் கிடக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பக்கமும் கையை நீட்டிக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "ஆறு மாசம் அது, ஆறு மாசம் இது. கடலுக்கே அப்படித்தான்டா, உனக்கென்ன." எங்கள் இருவருக்கும் பொதுவான தீர்ப்பு. இன்றுவரை அப்பீல் இல்லை.

பிள்ளைகளோடு கடலுக்குப் போகிற யாருக்கும் உதவுகிற கணக்கும் அதுதான். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும்போது வடக்குப் பக்கக் கடற்கரைக்குப் போங்கள். உச்சிப்புளிப் பக்கம் அரியமான் இருக்கிறது, சவுக்குத் தோப்பு நிழல், அலை குறைவு. தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரங்காடு இருக்கிறது, அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் தெற்குப் பக்கம் திரும்புங்கள். சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி எல்லாம் அப்போது அடங்கியிருக்கும். கச்சான் காலத்தில் தனுஷ்கோடியில் மணல் பறந்து சாலையையே மூடும், கைக்குழந்தையோடு போக வேண்டாம். மார்கழி, தை என்றால் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரை வரும். எட்ட நின்று பாருங்கள், படம் எடுக்கக் கிட்டே ஓடினால் கூட்டமாகக் கிளம்பிவிடும்.

தனுஷ்கோடியில் ஒரு இடத்தில் மட்டும் நாங்கள் கிண்டல் பேசுவதில்லை. இடிந்த மாதா கோயிலும் ரயில் நிலையமும் இருக்கிற இடம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரும் போயிற்று, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் போயிற்று. அத்தைக்கு அப்போது ஏழு வயது, உச்சிப்புளிக்குப் பக்கத்துக் கிராமம். கூரை பிய்த்துக்கொண்டு போனதும், அவர் அப்பா நாலு பிள்ளைகளையும் அரைச்சுவர் ஓரம் படுக்கப் போட்டுப் பாயால் மூடி அதன் மேல் தான் படுத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு அதைச் சொன்னார். பக்கத்தில் ஒரு கூட்டம் சுவர் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. என் மகள் தன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. கிண்டலும் கேலியுமாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எங்கே சிரிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் நான் கறார். பசியோடு இருப்பவரைக் கிண்டல் செய்தால் அது சண்டையில்தான் முடியும். அதனால் இறங்கியதும் முதல் வேலை சாப்பாடு. புளிச்சோறு, முண்டு வத்தல் கிள்ளிப்போட்டு வறுத்த துவையல், அவித்த முட்டை. எங்கள் ஊர் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து துவையல் அரைக்கும்போதெல்லாம், "அரசாங்க முத்திரை குத்தின துவையலா?" என்று கேட்கிறார். குடிதண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுவோம். கரையோர ஊர்களில் பல கிணறுகளில் உப்புத்தான். சித்திரை, வைகாசியில் போனால் வழியில் நுங்கு கிடைக்கும். பதநீர் வேண்டுமென்றால் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏற ஏறப் புளித்துவிடும். கீழக்கரைப் பக்கம் போனால் தொதல் வாங்காமல் திரும்பாதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய அந்த அல்வாவை வாயில் போட்டுவிட்டால் பத்து நிமிடம் யாராலும் பேச முடியாது. சண்டை முற்றுகிற நேரத்துக்கு வீட்டில் ஒரு பொட்டலம் இருந்தால் நல்லது என்பது இவர் யோசனை.

மீன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வரும், அந்த நேரத்து மீனே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது நாட்டுப் படகு மீன்தான், விலையும் கூட. அந்த மாதங்களில் கருவாட்டோடு திருப்திப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் பஸ்ஸில் கொண்டுவரும் விதம் தெரிந்திருக்க வேண்டும். பாம்பனில் இவர் திருக்கைக் கருவாடு வாங்கித் துணிப்பையில் போட்டுச் சீட்டுக்கு அடியில் வைத்தார். முன்னால் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னப்பா வாடை?" என்றார். இவர் முகம் மாறாமல், "கடக்காத்துண்ணே, இந்தப் பக்கம் அப்படித்தான்" என்றார். உடனே மகன், "உச்சிப்புளியே தாண்டிருச்சேப்பா, கடலு இன்னுமா கூட வருது?" என்றான். பெரியவர் சிரித்துக்கொண்டே, "பாம்பன்ல எந்தக் கடைப்பா?" என்று விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது மூடி இறுகுகிற எவர்சில்வர் தூக்குவாளி எடுத்துப் போகிறோம். முதலில் வாழைச்சருகு, மேலே இரண்டு சுற்று நாளிதழ், அப்புறம் மூடி. வாடையே வராது.

செருப்பைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதியதாகாது. சீமைக்கருவேல் இல்லாத இடம் கிடையாது எங்கள் மாவட்டத்தில். காய்ந்த முள் மெல்லிய ரப்பர் செருப்பை நேராகத் துளைத்து உள்ளங்காலில் ஏறும். வண்டி டயரும் தப்பாது. கனமான அடி உள்ள செருப்பு, ஒரு ஊக்கு, சின்ன இடுக்கி எப்போதும் என் பையில் இருக்கும். சேதுக்கரையில் அத்தை செருப்பில் ஏறிய முள்ளை இவர் மண்டி போட்டு உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அத்தை என்னைப் பார்த்து, "உனக்கும் இப்படிப் புடுங்கிவிடுவானா?" என்று கேட்டார். "முள்ளுக்கு நம்பர் வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க அத்தை, கரண்டு புகாருக்கு வாங்குற மாதிரி" என்றேன். அவர் எழுந்து என் செருப்பையும் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தார்.

எங்களுக்குள் தொடாத மூன்று இருக்கின்றன: பிறந்த வீடு, உடம்பு, சம்பளம். எவ்வளவு சிரிப்பு வருவதாக இருந்தாலும் இந்த மூன்றில் கிண்டல் கிடையாது. இது யாரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை, எது வலிக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் படிந்தது. என்னைக் கேட்டால், கிண்டல் செய்தவர் சிரித்தால் போதாது, கிண்டலுக்கு ஆளானவர் முதலில் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லையா, அந்த விஷயத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும். "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று விளக்கம் சொல்லும்படி ஆனால் அது விளையாட்டே இல்லை. வெளியாட்கள் முன்னால் என்றால் இன்னும் கவனம். எங்கள் கூண்டு எண் எங்களுக்குள்தான். சொந்தக்காரர் வந்திருக்கும்போது இவர் அதை எடுக்கவே மாட்டார்.

இப்போது வீட்டில் ஓடுகிற பேச்சு அத்தையின் ரயில். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் எத்தனையோ தடவை போனவர், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இன்னும் போகவில்லை. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கியது, அதை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் மேலே ஏறுகிறது. இவர் அதைச் சொன்னதும், "எல்லாம் கரண்டுலயா?" என்று கேட்டார் அத்தை. "ஆமாம்மா." "அப்ப நாங்க போற அன்னைக்கு நீ டூட்டிக்குப் போயிரு. கரண்டு நிக்காமப் பாத்துக்க. நானும் மருமகளும் பிள்ளைகளும் போயிட்டு வர்றோம்." மகன் உடனே விரலை விட்டுக் கணக்குப் போட்டான். ரயிலில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு என்பதால் ஒன்றரை டிக்கெட்டுக் கட்சி இந்த முறை வழக்கைத் தானே ஜெயித்துவிட்டதாக அப்பாவும் மகனும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காற்று இல்லையென்றால் ஐந்து பேருமே போகிறோம். ஜன்னல் ஓரம் அத்தைக்கு.